வல்லக்கோன் காத்த மேடு

இந்தக் கதையை எனக்குச் சொன்னவர் கொஞ்சம் கூட்டித்தான் சொன்னார். நானும் கொஞ்சம் கூட்டுவேன். நடுவில் உள்ளதில் மட்டும் கை வைக்க எங்கள் இரண்டு பேருக்குமே துணிச்சல் வரவில்லை. அது அப்படியே இருக்கிறது.

மேலைச்சீமை, கீழைச்சீமை என்று இரண்டு சீமைகள். இரண்டுக்கும் நடுவில் ஒரே ஒரு பெரிய குளம். மடையை முதலில் யாருக்குத் திறப்பது என்பதில்தான் தகராறு. ஒரு காலத்தில் இதற்காக வருஷா வருஷம் வெட்டிக்கொண்டு செத்தார்கள். பிறகு எந்தப் புண்ணியவானுக்கோ நல்ல புத்தி வந்து, உங்கள் சண்டையை மணலில் போட்டுத் தொலையுங்கள் என்று ஏற்பாடு செய்துவிட்டுப் போனார். அதற்கு மண்போர் என்று பெயர்.

குளத்தங்கரையில் மணலைக் கொட்டி, பழைய காலத்துச் சண்டை ஒன்றின் களத்தை நடுவர் அதில் கட்டுவார். மேடு, ஓடை, காடு எல்லாம் இருக்கும். காலாளுக்குப் புளியங்கொட்டை, குதிரைக்குக் கொள்ளு, ஆனைக்குக் கழற்சிக்காய். சீமைக்கு ஓர் ஆள் உட்கார்ந்து, மாற்றி மாற்றி நகர்த்த வேண்டும். ஜெயித்த சீமைக்கு முதல் தண்ணீர். தோற்ற சீமைக்கு மிச்சம் இருந்தால் தண்ணீர்.

மேலைச்சீமைக்கு உட்காருகிறவர் மருதவாணர். படைத்தலைவர், ஐம்பது வயது, மீசையில் எலுமிச்சம்பழம் நிற்கும். மீசை இருந்து என்ன செய்ய? மூன்று வருஷமாகத் தோற்றுக்கொண்டிருந்தார். கீழைச்சீமைக்காரன் தீர்த்தாரப்பன் வெற்றிலையை மென்றுகொண்டே அவரை மூன்று தடவையும் மண்ணைக் கவ்வ வைத்தான்.

மேலைச்சீமைப் பாளையக்காரர் பட்டத்துக்கு வந்து இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. இளரத்தம். மருதவாணரைக் கூப்பிட்டு நிற்க வைத்துச் சொன்னார்.

"மண்ணில் ஜெயிக்க உமக்குத் துப்பில்லை. இந்த வருஷமும் தோற்றால், மறுநாள் விடியும்போது நம் படை குளத்தைத் தாண்டும். நடத்திப் போகிறவரும் நீர்தான்."

படை என்றால் அறுநூறு பேர். அத்தனை பேருக்கும் வேல் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர் மருதவாணர். யாருக்குத் தைக்குக் கல்யாணம், எவன் பெண்டாட்டி எத்தனை மாசம் என்பதுவரை அவருக்குத் தெரியும். 

மலையடிவாரத்தில் உலகம்மை என்று ஒருத்தி இருந்தாள். உப்பு விற்கிறவள். பதினோரு கழுதைகளில் உப்பு ஏற்றிக்கொண்டு போகாத ஊர் இல்லை. போன ஊரில் எல்லாம் உப்பைக் கொடுத்து நெல்லை வாங்குவாள். கூடவே, இங்கே எப்போதாவது சண்டை நடந்ததா என்று கேட்டு அதையும் வாங்கிக்கொள்வாள். ஒவ்வொரு சண்டைக்கும் ஒரு கலயம் வைத்திருந்தாள். கலயத்துக்குள் களத்தைச் சொல்லும் ஓர் ஓலையும், இரண்டு பக்கத்துப் படைக்கும் எண்ணிப் போட்ட கொட்டைகளும் இருக்கும். மண்போர் நடுவர்களுக்கே சந்தேகம் வந்தால் அவளிடம்தான் ஆள் அனுப்புவார்கள்.

மருதவாணர் போய் நின்றபோது அவள் கழுதையின் குளம்பில் தைத்த முள்ளை எடுத்துக்கொண்டிருந்தாள். அவரைவிடப் பதினைந்து வயதாவது சின்னவள்.

"தாயி, எனக்கு நீங்க குருவா இருக்கணும்" என்றார்.

"அண்ணாச்சிக்கு எத்தனை நாள் இருக்கு?"

"ஐம்பத்தஞ்சு நாள்."

"இந்தக் காலைக் கொஞ்சம் இறுக்கிப் பிடிங்க" என்றாள். பாடம் அப்படித்தான் ஆரம்பமாயிற்று.

தினம் ஒரு கலயம். காலையில் முற்றத்து மணலில் களம் கட்டுவாள். ஓலையைப் படிப்பாள். சண்டை முறுகி, தளபதி ஒரு முடிவு எடுத்தே ஆக வேண்டிய இடம் வந்ததும் நிறுத்திவிடுவாள்.

"இப்ப நீங்கதான் தளபதி. என்ன செய்வீங்க?"

முதல் வாரம் மருதவாணர் திணறினார். பள்ளத்தில் ஆனைப்படையை இறக்கிச் சேற்றில் மாட்டினார். ஒற்றைக் கிணறும் உள்ளேயே இருந்த கோட்டையை முற்றுகை போட்டுத் தன் ஆட்களையே தாகத்தில் தவிக்க விட்டார். இரண்டாவது வாரம் பிடி கிடைத்தது. மூன்றாவது வாரத்திலிருந்து மனிதர் பறந்தார். ஓலை முடிவதற்குள் கை கொட்டைகளை நகர்த்திவிடும். அந்தக் காலத்தில் தோற்ற தளபதிகளை எல்லாம் அவர் ஜெயிக்க வைத்தார்.

"இவன் குதிரையை வலப்பக்கம் ஒளிச்சு வச்சிருக்கணும், தாயி. மடையன்."

"சரி" என்பாள் அவள். மணலைக் கலைத்துவிட்டு உப்புச் சாக்கைத் தைக்கப் போய்விடுவாள்.

"இவன் பாலத்தை வெட்டியிருந்தா முடிஞ்சுது சோலி. இதுகூடத் தெரியலையே!"

"சரி."

நாற்பதாம் நாள் மருதவாணருக்குப் பொறுக்கவில்லை.

"நாப்பது சண்டையும் ஜெயிச்சுட்டேன். நான் தேறிட்டேனா இல்லையா, வாயைத் திறந்து சொல்லுங்க தாயி."

"கை தேறிட்டு, அண்ணாச்சி."

"அப்போ மிச்சம்?"

அவள் போய் நாற்பத்தோராவது கலயத்தை எடுத்து வந்தாள். களத்தைப் பார்த்ததும் மருதவாணர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார்.

"ஆனைமடுத் துறையா? வல்லக்கோன் சண்டையா? இதைப் போயா எனக்குப் போடுறீங்க!"

சிரிக்க மாட்டாரா பின்னே? மண்போர் ஆடுகிறவர்கள் மத்தியில் வல்லக்கோன் என்பது ஒரு வசவு. மாடு நகராவிட்டால், மாப்பிள்ளை வீட்டார் முகூர்த்தத்துக்கு வந்து சேராவிட்டால், "வல்லக்கோன் காத்த மாதிரி" என்பார்கள். மருதவாணரே தன் ஆட்களை அப்படித் திட்டியிருக்கிறார்.

கதை இதுதான். வல்லக்கோன் நானூறு பேரோடு ஆற்றுக்கு இக்கரையில் மேட்டின் மேல் நின்றான். ஆயிரம் பேர் கொண்ட பகைப்படை எதிர்க்கரையிலிருந்து துறையில் இறங்கிற்று. ஆற்றின் நடுவில் இடுப்பளவு தண்ணீர். வேலைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு தடுமாறி வருகிறவனை அடிக்க ஆயிரம் பேர் எதற்கு, நூறு பேர் போதும். வல்லக்கோன் அடிக்கவில்லை. காலையிலிருந்து உச்சிவரை காத்திருந்தான். ஆயிரம் பேரும் கரையேறி வரிசை கட்டிய பிறகு இறங்கிப் போய்ச் சண்டை போட்டான். நானூறு பேரும் செத்தார்கள், அவனையும் சேர்த்து.

"இப்ப நீங்கதான் வல்லக்கோன்" என்றாள் உலகம்மை.

"நடு ஆத்துல அடிப்பேன். பச்சைப்பிள்ளைகூடச் சொல்லும்."

அவள் இந்தத் தடவை சரி என்று சொல்லவில்லை.

"ஆனைமடு இங்கிருந்து ஒரு பகல் நடை. நாளன்னிக்கு அங்க ஒரு சடங்கு. நான் உப்பு கொண்டு போறேன். நீங்களும் வாங்க."

போனார்கள். ஆனைமடு ஒரு சின்ன ஊர். இருந்தால் எழுபது வீடு இருக்கும். மறுநாள் காலை அவர்கள் எழுந்தபோது ஊரில் ஈ காக்காய் இல்லை. பறையும் குச்சியுமாக ஓர் ஆள் மட்டும் மேட்டின் மேல் உட்கார்ந்திருந்தார். மாரப்பன் என்று பெயர். இவர்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"வெளியூர்க்காரங்க யாராவது வந்தா அவங்க கையிலதான் குச்சியைக் கொடுக்கிறது வழக்கம். அண்ணாச்சி உட்காருங்க. இந்தக் கல்லுலதான் வல்லக்கோன் உட்கார்ந்திருந்தார்."

மருதவாணர் கல்லில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் திடுக்கிட்டார். துறை தெரியவில்லை! மேட்டுக்கும் ஆற்றுக்கும் நடுவில் ஆள் உயரத்துக்கு மேல் தாழம்புதர். ஆறு வேறு அந்த இடத்தில் வளைந்து போகிறது. மணலில் கட்டும்போது மேலே இருந்து பார்ப்போமே, மேடும் தெரியும், துறையும் தெரியும், எதிர்க்கரையும் தெரியும். இங்கே புதர் தெரிந்தது. அதற்கு மேல் வானம் தெரிந்தது. அவ்வளவுதான்.

"கண்ணு உதவாது. காதை வச்சுக்கிடுங்க" என்றார் மாரப்பன். "பகை நடு ஆத்துக்கு வந்தாச்சுன்னு தோணும்போது அடிங்க. ஒரே அடிதான். அடிச்சா அடிச்சதுதான், திருப்ப முடியாது."

உலகம்மை பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

வெயில் ஏறிற்று. காற்று அடித்தால் தாழை சலசலக்கும், அது நின்றால் ஆறு கேட்கும். மருதவாணருக்கு உள்ளங்கை வேர்த்தது. விளையாட்டுத்தானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். வேர்வை அதைக் கேட்கவில்லை.

அப்போது தண்ணீர் அளையும் சத்தம் வந்தது. ஒரு கால், இரண்டு கால் இல்லை, நூறு, இருநூறு கால். கரையில் இறங்குகிறது. ஆழத்துக்கு வருகிறது. சத்தம் கனத்தது. இதுதான் நடு ஆறு. முப்பது வருஷம் படையில் இருந்தவரின் காது பொய் சொல்லுமா?

குச்சியை ஓங்கினார். அடித்தார்.

பறை அதிர்ந்து அடங்கியது. தண்ணீர்ச் சத்தம் மட்டும் நிற்கவில்லை. வந்துகொண்டே இருந்தது. பிறகு தாழம்புதர் விலகியது.

முதலில் ஒரு கிழவர், தோளில் ஓர் ஆட்டுக்குட்டி. அவருக்குப் பின்னால் இடுப்பில் கைப்பிள்ளையோடு ஒருத்தி. அப்புறம் தலையில் அடுப்பும் சட்டியும் சுமந்த பெண்கள். ஒருவர் முந்தானையை ஒருவர் பிடித்துக்கொண்டு வந்த பிள்ளைகள். ஒரு நிறைசூலியை இரண்டு பேர் தாங்கிக்கொண்டு வந்தார்கள். ஆனைமடு மொத்தமும் நனைந்து சொட்டச் சொட்ட மேட்டில் ஏறி அவரைத் தாண்டிப் போயிற்று. போகும்போது ஒவ்வொருவரும் ஈரக் கையால் அந்தப் பறையைத் தொட்டுவிட்டுப் போனார்கள்.

ஒருவர்கூட அவரைக் கோபித்துக்கொள்ளவில்லை. அதுதான் கொடுமை. கைப்பிள்ளைக்காரி மட்டும் நின்றாள். அவள் பெயர் கோமு.

"மனசு விட்டுறாதீங்க அண்ணாச்சி. போன வருஷம் வந்தவரும் இங்கதான் அடிச்சாரு. மண்போர் ஆடுறவங்க எல்லாருமே இங்கதான் அடிப்பாங்க."



"வல்லக்கோன் காலத்துல எங்க ஊரு அக்கரையில இருந்துச்சு" என்றாள் கோமு. "பகை வருதுன்னு தெரிஞ்சதும் இதே துறையில இறங்கி ஓடிவந்தோம். அவங்க எங்க முதுகுக்குப் பின்னாலயே வந்தாங்க. தண்ணியில வர்றது நாங்களா அவங்களான்னு மேட்டுல இருந்தவருக்கு எப்படித் தெரியும்?"

மாரப்பன் அவர் கையிலிருந்து குச்சியை மெல்ல வாங்கினார்.

"அன்னிக்கு என்ன நடந்ததுன்னு இப்பப் பாருங்க."

ஊரில் பாதி அதற்குள் அக்கரைக்குத் திரும்பிப் போயிருந்தது. மறுபடியும் தண்ணீர்ச் சத்தம். மாரப்பன் குச்சியை ஓங்கினார். தண்ணீருக்குள்ளிருந்து ஒரு பிள்ளையின் அழுகை கேட்டது. குச்சி இறங்கியது, பறையில் படாமல். இரண்டாவது கூட்டம் இறங்கிற்று. ஓங்கினார். கன்றின் கழுத்து மணி கேட்டது. இறக்கினார். மூன்றாவது தடவை எந்த அடையாளமும் கேட்கவில்லை. வெறும் தண்ணீர். ஓங்கிய கை அப்படியே நின்றது. மேட்டில் நின்ற மிச்ச ஊர் அந்தக் கையையே பார்த்தது.  பிறகு மெல்ல இறங்கியது.

புதரை விலக்கிக்கொண்டு ஒரே ஒரு பெண் வந்தாள், அவளுக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டு பதினாறு பிள்ளைகள்.



நாலாவது தடவை உழவு மாடுகளை ஓட்டி வந்தார்கள், பகையின் குதிரைக்குப் பதிலாக. அவை கரையேறி நின்ற பிறகுதான் மாரப்பன் பறையை அடித்தார். அந்த ஓர் அடிக்கு ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் குலவை போட்டார்கள். நானூறு பேரின் பெயரையும் ஒருவர் மாற்றி ஒருவர் சொல்லச் சொல்ல, அது உச்சி தாண்டியும் போயிற்று. எல்லாப் பெயரும் அந்த ஊருக்கு மனப்பாடம்.

முடிந்த பிறகு மருதவாணர் கேட்டார்.

"தாயி, காத்திருந்தா சாவுன்னு அந்த நானூறு பேருக்கும் தெரியுமா?"

"தெரியாமலா? சத்தம் அவங்களுக்கும்தானே கேட்டிருக்கும்."

"ஒருத்தன்கூட ஓடலையா?"

"ஒருத்தன்கூட."

அவர் அந்தக் கல்லின் முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். அந்த மீசை மண்ணில் புரண்டது. எத்தனை நேரம் அப்படிக் கிடந்தார் என்று எனக்குச் சொன்னவர் சொல்லவில்லை.

திரும்பும் வழியில்தான் அவருக்குக் கோபம் வந்தது.

"ஓலையில ஊர் சனத்தைப் பத்தி ஒரு சொல் இல்லையே! கலயத்துல அவங்களுக்கு ஒரு கொட்டைகூட இல்லையே!"

"ஓலை எழுதினவன் சண்டையைத்தான எழுதினான்."

"அப்போ மத்த நாப்பது சண்டையிலயும்..."

"நிலம்னு இருந்தா சனம் இல்லாம இருக்குமா?"

"நீங்க சொல்லியிருக்கலாமே."

"நாப்பது நாள்ல நீங்க ஒரு நாளும் கேக்கலியே, அண்ணாச்சி."



மண்போர் நாள் வந்தது. குளத்தங்கரையில் இரண்டு சீமை ஜனமும் குழந்தை குட்டியோடு வந்து மணலைச் சுற்றி உட்கார்ந்துவிட்டது. நடுவர் ஒரு பழைய களத்தைக் கட்டினார். நடுவில் ஒரு கல்மண்டபம், முதலில் அதைப் பிடிக்கிறவருக்கு வெற்றி. இரண்டு பக்கமும் சமமான படை.

மண்போரில் ஒரு விதி உண்டு. அன்றைக்கு நிலத்தில் உண்மையிலேயே இருந்தது எதுவோ, அதைச் சொல்லிக் களத்தில் வைக்கலாம். கிணறு வைப்பார்கள், முள்வேலி வைப்பார்கள். மருதவாணர் எழுந்து நின்றார்.

"எனக்கு ஒரு கைப்பிடி நெல் வேணும்."

"எதற்கு?" என்றார் நடுவர்.

"மண்டபத்தைச் சுத்தி ஒரு ஊர் இருந்திருக்குமே. அந்த ஊர் சனம்."

நடுவர் யோசித்தார். மண்டபம் என்றால் ஊர் இருந்திருக்கும். மறுக்க வழியில்லை. நெல் வந்தது. மருதவாணர் அதை மண்டபத்தைச் சுற்றி ஒவ்வொரு மணியாக வைத்தார். அதுவே ரொம்ப நேரம் ஆயிற்று. கூட்டம் சிரித்தது.

ஆட்டம் ஆரம்பித்தது. மருதவாணரின் படை நெல்லைத் தொடாமல் ஓடை வழியாகச் சுற்றிக்கொண்டு போனது. நாற்பது கலயம் பழகிய கை அல்லவா, சுற்றிப் போயும் அது அதிகம் பிந்தவில்லை. தீர்த்தாரப்பன் நேர்வழியில் வந்தான். நெல் முன்னால் வந்ததும் அவன் கை ஒரு கணம் தயங்கியது. வெற்றிலை மெல்லுவதைக்கூட நிறுத்தினான். பிறகு தன் சீமையைத் திரும்பிப் பார்த்தான், கொட்டைகளால் நெல்லை ஒதுக்கித் தள்ளிக்கொண்டு போய் மண்டபத்தைப் பிடித்தான். அவனைக் குற்றம் சொல்லி என்ன? அவனுக்கும் தண்ணீர் வேண்டும்.

இரண்டே நகர்த்தல் வித்தியாசத்தில் மருதவாணர் தோற்றார்.

"வல்லக்கோன்! வல்லக்கோன்!" என்று மேலைச்சீமைக்காரர்களே கத்தினார்கள்.

பாளையக்காரர் எழுந்தார். முகம் சிவந்திருந்தது.

"நாளைக்கு விடியும்போது படை கிளம்பும்."

கூச்சல் பட்டென்று அடங்கியது.

"உத்தரவு, மகாராஜா" என்றார் மருதவாணர். "நடத்துறவன் நான். எந்த வழியாப் போகணும்னு இந்த மணல்லயே காட்டிட்டீங்கன்னா, பிசகு இல்லாமப் போய்ச் சேருவேன்."

பாளையக்காரர் இறங்கி வந்து மணலைத் தட்டிச் சமமாக்கினார். விரலால் குளத்தை வரைந்தார், கரையை வரைந்தார், கீழைச்சீமை அரண்மனைவரை வழியை இழுத்தார். அறுநூறு பேருக்கென்று ஒரு கை புளியங்கொட்டையை அள்ளி வைத்துக்கொண்டார்.

"வழியில என்ன இருக்கு, மகாராஜா?"

"ஊர்கள்."

மருதவாணர் மிச்சமிருந்த நெல்லை நீட்டினார். "வைங்க."

"இதென்ன விளையாட்டு?"

"விளையாட்டு முடிஞ்சு போச்சு, மகாராஜா. இது நாளைக்கு."

பாளையக்காரர் அவர் முகத்தைப் பார்த்தார். என்ன தெரிந்ததோ, ஒரு சிட்டிகை நெல்லை வாங்கிக் கரைக்கு அப்பால் போட்டார்.

"அது எங்க ஊர்" என்று கூட்டத்திலிருந்து ஒரு கீழைச்சீமைக்காரி சொன்னாள். "எங்க வீட்டுலயே ஏழு பேர். அதுல மூணு மணிதான் இருக்கு."

மருதவாணர் அவளிடம் நெல்லை நீட்டினார். அவள் எழுந்து வந்தாள். உட்கார்ந்து, பெயர் சொல்லிச் சொல்லி, நான்கு மணி கூட வைத்துவிட்டுப் போனாள்.

அதற்கப்புறம் யாரும் யாரையும் கூப்பிடவில்லை. அவரவர் எழுந்து வந்தார்கள். கைப்பிடி நெல்லும் தீர்ந்தது. யாரோ ஒரு மரக்கால் நெல் கொண்டுவந்து வைத்தார்கள். கீழைச்சீமை முழுக்க வந்தது. பிறகு மேலைச்சீமைக்காரர்கள் வந்தார்கள். குளத்துக்கு இந்தப் பக்கமும் நிலம்தானே, அடி திரும்பி விழாதா? நிறைமாசக்காரி ஒருத்தி தனக்கு ஒன்றும் வயிற்றுக்கு ஒன்றும் வைத்தாள். தீர்த்தாரப்பன் வந்தான். ஐந்து மணி எண்ணி வைத்தான். ஒன்றை மட்டும் மற்ற நான்குக்கு நடுவில் நகர்த்தி வைத்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு போனான்.

 அத்தனை ஜனம் கூடிய இடத்தில் நெல் மணலில் விழும் சத்தம் கேட்டது. எனக்குச் சொன்னவரின் முன்னோர் ஒருவர் அந்தக் கூட்டத்தில் இருந்தாராம். கோயிலில்கூட அப்படி ஓர் அமைதியைக் கண்டதில்லை என்று சாகும்வரை சொன்னாராம்.

கடைசி ஆள் வைத்து எழுந்தபோது மணல் தெரியவில்லை. குளமும் கரையும் வழியும் தெரியவில்லை. எங்கு பார்த்தாலும் நெல்.

பாளையக்காரர் ஒரு புளியங்கொட்டையை எடுத்துக்கொண்டு குனிந்தார். இங்கே வைக்கப் பார்த்தார், அங்கே வைக்கப் பார்த்தார். எங்கே வைத்தாலும் யார் மேலாவது வைக்க வேண்டும். கொட்டையைப் பிடித்த விரல்கள் நெல்லுக்கு மேல் அந்தரத்திலேயே நின்றன. அவருக்கு வயது இருபத்திரண்டுதான். கண் கலங்கிவிட்டது.

நிமிர்ந்து, கீழைச்சீமைக்காரர்களைப் பார்த்துச் சொன்னார்.

"ஜெயித்தது நீங்கள். உங்களுக்கு மடையைத் திறக்கட்டும்."

அந்த வருஷமும் மேலைச்சீமைக்கு முதல் தண்ணீர் இல்லை. கம்பும் கேழ்வரகும்தான் விதைத்தார்கள். வயிறு நிறைந்தது என்று நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் தைக்குக் கல்யாணம் வைத்திருந்தவன் தாலி கட்டினான்.

மருதவாணர் மலையடிவாரத்துக்கு நடந்தார். உலகம்மை கழுதைகளுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள்.

"நாலாவது தடவையும் தோத்துட்டேன், தாயி" என்று தொடங்கி, நடந்ததை எல்லாம் சொன்னார். 

சொல்லி முடித்த பிறகும் அவருக்கு ஒரு குறை இருந்தது.

"நாப்பத்தோரு சண்டை போட்டுக் காட்டினீங்க. அத்தனையிலயும் ஆள் செத்தான். ஒருத்தனும் சாகாம ஜெயிச்சவன் ஒருத்தன்கூடவா இந்த உலகத்துல இல்லை? அந்தச் சண்டையை ஏன் எனக்குப் போட்டுக் காட்டல?"

உலகம்மை வாளியைக் கீழே வைத்தாள்.

"நான் போற ஊர்ல எல்லாம் நடந்த சண்டையைத்தான சொல்லுதாங்க. நடக்காத சண்டையை யாரு அண்ணாச்சி எனக்குச் சொல்லுவா?"